மண்ணைத் தோண்டாமல் மண்புழுவை வரவழைக்கும் முறை

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில், நான்ட்விச் நகரை அடுத்த வில்லாஸ்டன் கிராமத்தில், உலக மண்புழு வசியப் போட்டி 1980-இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே டாம் ஷஃபில்பாட்டம் என்ற விவசாயி மகன் அரை மணி நேரத்தில் 511 புழுக்களை மேலே வரவழைத்தார். அந்த எண்ணிக்கையை 2009-இல் சோஃபி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி 567 புழுக்களுடன் தாண்டினார். ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒரு புழு என்ற கணக்கு அது. உடல் வலிமைக்கு இதில் பெரிய வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதலில் விதிகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மொத்தம் 18 விதிகள் உள்ளன. போட்டியாளருக்கு மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டமும் முப்பது நிமிடமும் தரப்படும். மண்ணைத் தோண்டக் கூடாது. ஊக்கப்பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரும் ஊக்கப்பொருள் பட்டியலில் அடங்கும் என்பதால், ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். புழுவைக் கையால் தொடக் கூசுபவர்கள் பொறுக்குவதற்கென ஓர் உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம்; அவரை அங்கே 'கில்லி' என்கிறார்கள். நம் ஊர்க் கில்லிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி முறைக்கு வருவோம். நான்கு பற்கள் கொண்ட சாதாரணத் தோட்ட ஃபோர்க் ஒன்று போதும். அதைச் சுமார் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக ஊன்றி, கைப்பிடியின் உச்சியைத் தளர்வாகப் பிடித்து, முன்னும் பின்னுமாகச் சிறு வீச்சில் விடாமல் ஆட்ட வேண்டும். நெம்பக் கூடாது, நெம்பினால் மண் கட்டியாகப் பெயர்ந்து, அது தோண்டியதாகிவிடும். ஆட்டம் சரியாக அமைந்துவிட்டால் ஃபோர்க்கின் தண்டு மெல்ல அதிர்வதை உள்ளங்கையில் உணரலாம். கை சலித்தால் ஒரு குச்சியால் தண்டைச் சீராகத் தட்டலாம், ஏனெனில் கையால் உண்டாக்கும் எந்த அதிர்வுக்கும் அனுமதி உண்டு. இசைக்கும் தடையில்லை, ஆனால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இசையும், புழுக்களுக்கு ஃபோர்க்கும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அதிர்வுக்குப் புழு ஏன் வெளியே வருகிறது என்று தெரிந்துகொண்டால் கைப்பழக்கம் தானாகவே திருந்தும். மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி வாழும் அகழெலி மண்புழுவைத் தேடித் தின்னும் விலங்கு. அது நெருங்கும் அதிர்வை உணரும் புழு, அகழெலியால் பின்தொடர முடியாத தரைக்கு மேலே தப்பி வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உயிரியலாளர் கென்னத் கட்டானியா செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. மண்புழுக்களைப் பற்றி 1881-இல் நூல் எழுதிய டார்வினும் இந்த நம்பிக்கையைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் புழுக்கள் மிகுந்த பல இடங்களில் அவரே தரையை அடித்துப் பார்த்தபோது ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவர் தரையின் மேல் அடித்தார். மண்ணுக்குள் ஊன்றி ஆட்டியிருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். அப்போது ஃபோர்க்கைப் பிடுங்கி இடம் மாற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. புழுக்கள் ஃபோர்க்கின் அடியில் மட்டும் வருவதில்லை, சற்றுத் தள்ளியும் வரும். ஆகவே ஆட்டுபவர் நடுவில் நிற்க, கில்லி கட்டத்தின் ஓரமாக மண்டியிட்டுப் புல்லின் வேரடியைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் இளஞ்சிவப்பு முனை ஒன்று புற்களுக்கிடையே எட்டிப் பார்த்தவுடன் பாய்ந்து இழுத்துவிடக் கூடாது. புழு தன் உடலிலுள்ள நுண்ணிய முட்களால் வளையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். வெடுக்கென இழுத்தால் அறுந்து போகும். இரு விரல்களால் மென்மையாகப் பிடித்துச் சற்றுக் காத்திருந்தால், பிடி தளரும் கணத்தில் முழுப்புழுவும் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும்.

மண் காய்ந்திருந்தால் புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் பயிற்சி செய்ய விரும்புபவர்கள் மழை பெய்து ஓய்ந்த மறுநாளையும், புல்லைக் குட்டையாக வெட்டிய ஈரத் தரையையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிடித்த புழுக்களை ஈரமான மண் நிரப்பிய கலத்தில் நிழலில் வைத்திருந்து எண்ண வேண்டும். எண்ணியவுடன் அங்கேயே கொட்டிவிடக் கூடாது. பறவைகளுக்கு அது விருந்தாகிவிடும். மாலையில் பறவைகள் கூடு அடைந்த பிறகே புழுக்களை மண்ணில் விட வேண்டும் என்பது வில்லாஸ்டனின் வழக்கம்.