டாக்கரில் சோலர் தேடுபொறி: ஓட விடுவது சுலபம், தேடினால் கிடைக்க வைப்பதுதான் வேலை

தேடுபொறி சர்வர் என்றதும் பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம் என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். உங்களிடம் சில ஆயிரம் குறிப்புகளோ நூல் பெயர்களோ இருக்கின்றன, ஒரு சொல்லைத் தட்டினால் பொருத்தமானவை மேலே வர வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் அதற்கான சர்வரை மடிக்கணினியிலேயே டாக்கரில் (மென்பொருளை அதற்கு வேண்டியதோடு சேர்த்துத் தனி அடைப்புக்குள் ஓட்டும் கருவி) ஓட்டலாம். ஓட வைக்கப் பத்து நிமிடம் போதும். ஓடுகிற சர்வரில், உள்ளே இருப்பது நன்றாகத் தெரிந்தும் தேடினால் பூஜ்ஜியம் என்று காட்டும் பாருங்கள், அங்கேதான் அரை நாள் போகும். அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது அப்பாச்சி சோலர். எலாஸ்டிக்சர்ச்சைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். இரண்டுக்கும் அடியில் உண்மையில் தேடுகிற வேலையைச் செய்வது லூசீன் என்கிற ஒரே லைப்ரரிதான். எலாஸ்டிக்சர்ச் 8ஆம் பதிப்பிலிருந்து முதல் தடவை தொடங்கும்போதே கடவுச்சொல், பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஆரம்பிக்கும். திரையில் பார்க்க கிபானா என்று தனியாக இன்னொன்றை ஓட்ட வேண்டும். சோலர் பழைய ஆள், 2004இல் சிநெட் நிறுவனத்துக்குள் எழுதப்பட்டு 2006இல் அப்பாச்சிக்கு வந்தது. ஆனால் அட்மின் திரை கூடவே வருகிறது, கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய வசதி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை நகலெடுத்து ஒட்டுகிற மாதிரி நான் தரவில்லை. போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல் துண்டு துண்டாகச் சொல்வேன், நீங்கள் டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கையால் ஒரு முறை தட்டினால்தான் எந்தத் துண்டு எதற்கு என்று மனதில் நிற்கும்.

முதலில் டாக்கர் இருக்கிறதா

டெர்மினலில் டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட் என்று அடியுங்கள். வாழ்த்துச் செய்தி வந்தால் சரி. லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால் முன்னால் சூடோ போடுங்கள், அல்லது உங்கள் பயனரை டாக்கர் குழுவில் சேருங்கள். அந்தக் குழுவில் இருப்பவர் ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்குச் சமம், ஆகவே பலர் பயன்படுத்தும் கணினியில் கண்டவரையும் சேர்க்காதீர்கள்.

வெள்ளோட்டம்

இப்போது டாக்கர் ரன், அடுத்து மைனஸ் டி, பிறகு மைனஸ் பி 127.0.0.1:8983:8983, பிறகு மைனஸ் மைனஸ் நேம் சோலர், அதற்கடுத்து இமேஜின் (ஓட்டுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதி) பெயரான சோலர்:9, கடைசியாக சோலர்-ப்ரீகிரியேட் நூல்கள். எல்லாம் ஒரே வரியில், நடுவில் இடைவெளி விட்டு.

மைனஸ் டி என்றால் பின்னணியில் ஓடு. மைனஸ் பி போர்ட்டை, அதாவது நெட்வொர்க்கிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறப்பது. கடைசி எண் கண்டெய்னருக்குள் (இமேஜிலிருந்து எழுந்து ஓடும் அந்த அடைப்பு) இருக்கும் போர்ட், அதற்கு முன்னால் இருப்பது உங்கள் கணினியில் திறப்பது. உங்களிடம் 8983 ஏற்கெனவே வேறெதற்காவது ஓடினால் நடுவில் உள்ளதை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் உள்ளதைத் தொடாதீர்கள். வரிசையும் முக்கியம்: இமேஜ் பெயருக்கு முன்னால் வருவதெல்லாம் டாக்கருக்கு, பின்னால் வருவதெல்லாம் கண்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கு. மைனஸ் பியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஏன் பிரவுசரில் திறக்கவில்லை என்று திண்டாடுபவர்கள் நிறையப் பேர்.

9 என்று எண்ணைக் குறிப்பிடுவதும் காரணமாகத்தான். லேட்டஸ்ட் என்று விட்டால் ஆறு மாதம் கழித்து வேறு பதிப்பு வந்து உட்காரும், இங்கே சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம். நூல்கள் என்பது நாம் உருவாக்கும் கோரின் பெயர், அதையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். கோர் என்றால் ஒரு தனி இன்டெக்ஸும் (தேடுவதற்கான சொல் அட்டவணை) அதற்கான அமைப்புகளும் சேர்ந்தது. பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வைத்தால் வம்பில்லை.

டாக்கர் பிஎஸ் அடித்தால் ஓடுகிறதா என்று தெரியும். டாக்கர் லாக்ஸ் மைனஸ் எஃப் சோலர் என்றால் உள்ளே நடப்பது ஓடும். சில நொடி பொறுத்து பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8983 போங்கள். அட்மின் திரை வந்துவிட்டதா? நல்லது. இப்போது அதை நீக்கிவிடுவோம்: டாக்கர் ஆர்எம் மைனஸ் எஃப் சோலர்.

உருப்படியாக, கம்போஸ் கோப்பில்

நீக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் ஓட்டியபோது இந்த ஒற்றை வரியையே வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க ஆவணங்களை ஏற்றினேன். மறுநாள் நினைவக அளவைக் கூட்டலாம் என்று கண்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால், கோர் பளிச்சென்று காலி. கண்டெய்னரை நிறுத்தித் தொடங்கினால் எதுவும் ஆகாது. நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்பினால் வெறுமையாகத்தான் எழும். தரவு பெயருள்ள ஒரு வால்யூமில், அதாவது கண்டெய்னர் போனாலும் டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பிடத்தில், தனியாக இருக்க வேண்டும். சோலர் தன் தரவையெல்லாம் /வார்/சோலர் என்ற இடத்தில் வைக்கிறது, வால்யூமை அங்கே மாட்டுகிறோம்.

அந்த ஒற்றை வரித் துண்டுகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்து ஓட்டுவதுதான் கம்போஸ். புதிய ஃபோல்டரில் கம்போஸ்.யாம்ல் என்ற கோப்பு. வடிவம் இது, சொற்கள் ஆங்கிலத்தில்:

சர்வீசஸ்:
  சோலர்:
    இமேஜ்: சோலர்:9
    போர்ட்ஸ்:
      - "127.0.0.1:8983:8983"
    வால்யூம்ஸ்:
      - சோலர்டேட்டா:/வார்/சோலர்
    என்விரான்மென்ட்:
      - சோலர்_ஹீப்=1ஜி
    ரீஸ்டார்ட்: அன்லெஸ்-ஸ்டாப்டு
    கமாண்ட்: சோலர்-ப்ரீகிரியேட் நூல்கள்
வால்யூம்ஸ்:
  சோலர்டேட்டா:

உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும், டேப் அடித்தால் கோப்பையே ஏற்காது. சோலர்_ஹீப் முழுவதும் பெரிய எழுத்தில். அந்த ஃபோல்டரில் நின்று டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி. அடுத்தடுத்த தடவை தொடங்கும்போது கோர் ஏற்கெனவே இருந்தால் ப்ரீகிரியேட் அதைத் தொடாமல் விட்டுவிடும், பயம் வேண்டாம். நிறுத்த டாக்கர் கம்போஸ் டவுன். அதோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூமும் சேர்ந்து போய்விடும், பழக்க தோஷத்தில் அடித்துவிடாதீர்கள்.

வால்யூமுக்குப் பதில் உங்கள் கணினியின் ஃபோல்டரையே மாட்ட நினைத்தால், லினக்ஸில் எழுத அனுமதி இல்லை என்று லாகில் சொல்லிவிட்டு சோலர் நின்றுவிடும். உள்ளே அது 8983 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது. ஃபோல்டரின் உரிமையை அந்த எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஹீப் என்பது ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம். சொல்லாவிட்டால் 512 எம்பி, பழகிப் பார்க்க அதுவே போதும். இருக்கிற ரேமையெல்லாம் ஹீப்புக்குக் கொடுத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். லூசீன் தன் இன்டெக்ஸ் கோப்புகளைப் படிக்க இயங்குதளத்தின் கோப்பு கேஷை நம்பியிருக்கிறது, அதற்கும் இடம் விட வேண்டும். கண்டெய்னர் திடீரென்று செத்து 137 என்ற எண்ணோடு கிடந்தால் யாரோ அதை வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோய் இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான்.

ஆவணங்களை ஏற்றுவோம்

அட்மின் திரையின் இடப்பக்கம் கோர் செலக்டரில் நம் கோரைத் தேர்ந்தெடுத்து டாக்குமென்ட்ஸ் போங்கள். அங்கே ஜேசான் (பெயரும் மதிப்பும் இணையிணையாக எழுதும் உரை வடிவம்) வடிவில் இரண்டு மூன்று ஆவணங்களைத் தட்டி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐடி, தலைப்பு, ஆண்டு என்று மூன்று ஃபீல்டு (தகவல் பகுதி) போதும். ஒரு தலைப்பு "கொடி வளர்ப்பது எப்படி", இன்னொன்று "மரத்தில் ஏறும் கொடிகள்" என்று வைத்துக்கொள்வோம்.

ஃபீல்டின் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். உள்ளடக்கம் தமிழில் தாராளமாக இருக்கலாம், பெயரை மட்டும் சோலரின் இயல்பான அமைப்பு சுத்தம் செய்கிறேன் என்று தமிழ் எழுத்துகளை அடிக்கோடுகளாக மாற்றிவிடும். ஐடியையும் நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் சோலர் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அதே பட்டியலை இரண்டாம் முறை ஏற்றினால் எல்லாம் இரட்டித்துப் போகும்.

இன்னொரு கண்ணி, ஃபீல்டின் வகையை முதல் ஆவணத்தைப் பார்த்துத்தான் சோலர் ஊகிக்கிறது. முதல் ஆவணத்தில் அலமாரி எண் 100 என்று இருந்தால் இது எண் என்று முடிவுகட்டிவிடும். நாற்பதாவது ஆவணத்தில் 100ஏ என்று வந்ததும் பிழை. இந்த மாதிரி ஃபீல்டுகளை ஏற்றுவதற்கு முன்பே ஸ்கீமா (ஃபீல்டுகளின் வரையறை) திரையில் ஆட் ஃபீல்டு வழியாக ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்) என்று சொல்லிவைத்துவிடுங்கள்.

தேடினால் ஏன் வரவில்லை

குவெரி திரைக்குப் போய் அப்படியே பொத்தானை அழுத்துங்கள். கேள்விப் பெட்டியில் இருக்கும் நட்சத்திரம், முக்காற்புள்ளி, நட்சத்திரம் என்பதற்கு எல்லாவற்றையும் கொடு என்று அர்த்தம். ஏற்றியதெல்லாம் வரும். இப்போது அதை அழித்துவிட்டு வெறுமனே கொடி என்று தேடுங்கள். பூஜ்ஜியம்.

எந்த ஃபீல்டில் தேட வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆகவே சோலர் _டெக்ஸ்ட்_ என்ற பொதுவான ஃபீல்டில் தேடியது. அந்த ஃபீல்டு இருக்கிறது, ஆனால் அதில் யாரும் எதையும் போடவில்லை. தலைப்பு ஃபீல்டின் பெயர், முக்காற்புள்ளி, கொடி என்று தேடினால் உடனே ஓர் ஆவணம் வரும். எல்லா ஃபீல்டிலும் சேர்த்துத் தேட வேண்டுமென்றால் ஸ்கீமா திரையில் ஆட் காப்பி ஃபீல்டு, மூலம் நட்சத்திரம், சேருமிடம் _டெக்ஸ்ட்_. அதைச் செய்த பிறகும் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே போன ஆவணங்களை அது திரும்பிப் பார்க்காது. அதே ஆவணங்களை மறுபடி அனுப்புங்கள், வந்துவிடும். ஐடியை நீங்களே கொடுத்திருந்தால் இரட்டிப்பும் ஆகாது.

பின்னால் உங்கள் நிரலிலிருந்து ஏற்றும்போது இன்னொரு பூஜ்ஜியம் காத்திருக்கிறது. ஏற்றியதை கமிட் செய்யாமல், அதாவது உறுதிசெய்து முடிக்காமல், தேடலுக்குக் காட்டாது. டாக்குமென்ட்ஸ் திரை ஆயிரம் மில்லிநொடிக்குள் கமிட் செய் என்று தானே சொல்லிவிடுவதால் அங்கே இது தெரியவில்லை. நிரலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் சொன்னால் சர்வர் மூச்சுத் திணறும். ஒரு கட்டு ஏற்றி முடித்து ஒரு தரம் போதும்.

சரி, கொடி என்று தேடினால் ஒன்றுதான் வந்தது, "கொடிகள்" உள்ள தலைப்பு வரவில்லை, கவனித்தீர்களா? அனாலிசிஸ் திரைக்குப் போய், வகையில் டெக்ஸ்ட்_ஜெனரல் என்று வைத்து, அந்தத் தலைப்பை இடது பெட்டியிலும் கொடி என்பதை வலது பெட்டியிலும் போட்டுப் பாருங்கள். சொற்களாகப் பிரித்ததும் மரத்தில், ஏறும், கொடிகள் என்று மூன்று துண்டுகள் நிற்கும், எதிரே கொடி. இவை சோலருக்கு வெவ்வேறு சொற்கள். கொடி என்று எழுதிப் பின்னால் நட்சத்திரம் போட்டால் கொடிகள் வரும். மரம் என்று போட்டு நட்சத்திரம் வைத்தாலோ மரத்தில் வராது, நம் மொழியில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் வாலே மாறிவிடுகிறதே. லூசீனோடு வரும், சொல்லின் வாலை வெட்டும் ஸ்னோபால் வடிகட்டிகளில் தமிழுக்கும் ஒன்று உண்டு, அதைச் சேர்த்து ஒரு புதிய ஃபீல்டு வகை செய்துகொள்ளலாம்.

இதைவிட வஞ்சகமான ஒன்று. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரத்துக்கான ஒரே குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், சோலருக்கு இரண்டும் வேறு. கண்ணுக்கு எதிரே இருக்கிற சொல்லைத் தேடினால் இல்லை என்று சொல்லும்போது இதைச் சந்தேகியுங்கள். ஏற்றுவதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் உரையை என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்த்துச் சேமிக்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது, பெரும்பாலான நிரல் மொழிகளில் அது ஒரு வரி. சோலருக்குள்ளேயே செய்ய ஐசியு (யூனிகோடைக் கையாளும் லைப்ரரி) வடிகட்டிகள் அனாலிசிஸ்-எக்ஸ்ட்ராஸ் மாட்யூலில் இருக்கின்றன; கம்போஸ் கோப்பில் சோலர்_மாட்யூல்ஸ் என்ற மாறியில் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கிறதா

போர்ட் வரியில் 127.0.0.1 எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. அது இந்தக் கணினியை மட்டும் குறிக்கும் முகவரி. இந்த சோலருக்குக் கடவுச்சொல் கிடையாது, திரையைத் திறக்க முடிந்தவர் எல்லாவற்றையும் அழிக்கவும் முடியும். அந்த முகவரியை விட்டுவிட்டு 8983:8983 என்று மட்டும் எழுதினால் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் திறந்துவிடும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்து அடைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது, டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதி அதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் செயலி மட்டும் சோலரோடு பேசட்டும், வெளியாட்கள் உங்கள் செயலியோடு பேசட்டும். சந்தேகமாக இருந்தால் அதே வைஃபையில் உள்ள மொபைலை எடுத்து, கணினியின் ஐபி முகவரியோடு :8983 சேர்த்து பிரவுசரில் அடித்துப் பாருங்கள். திறக்கவில்லை என்று வர வேண்டும். அட்மின் திரை வந்துவிட்டால் கம்போஸ் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி.