தோட்டத்துப் பேய்க்கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லை. வாயால் சொன்னால் உடம்பு சிலிர்க்கும். அதே கதை எழுத்தில் வந்ததும் பல நேரம் சப்பென்று போய்விடுகிறது. எழுதுபவர் பேயைக் காட்ட அவசரப்படுவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் வரியிலேயே அமாவாசை, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று வைத்தால் வாசகர் உஷாராகிவிடுவார். அப்புறம் அவரைப் பயமுறுத்துவது கஷ்டம். வழக்கமான ஒரு வேலை நாளோடு தொடங்குங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள், அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்குள், போவது அன்றாடம் நடப்பது. கதைக்கு வேண்டிய இருட்டும் தனிமையும் வேலையிலேயே இருக்கின்றன.

எது வழக்கம் என்று சொல்லாமல் வழக்கம் மீறுவதைக் காட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பட்டையில் போடும் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும். உங்கள் கதையில் பால் வெட்டும் அம்மா, பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு உளியை இழுக்கும்போது, போகிற போக்கில் இதைச் சொல்லிவிடுங்கள். சில மரங்கள் தள்ளி, அவர் இன்னும் தொடாத ஒரு மரத்தின் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் சொட்டிக்கொண்டிருக்கட்டும். விளக்கைத் திருப்பிப் பார்த்தால் வெட்டு வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. போதும். வெள்ளைச் சேலையும் வேண்டாம், கொலுசுச் சத்தமும் வேண்டாம். ஆனால் அவர் ஏன் ஓடவில்லை என்று வாசகர் கேட்பார். நிரையை முடிக்காமல் போனால் கூலி குறையும். இந்தக் காரணம் இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்கு அவர் நடப்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

உச்சக்கட்டம் என்றால் அலறல் என்று நினைப்பதும் தவறு. மலாய்க்காரர்களின் பொந்தியானாக் (பிரசவத்தில் இறந்த பெண்ணின் பேய்) கதைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: குரல் பலமாகக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது, மெலிந்து கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது. இதை முன்னாலேயே வாசகர் காதில் போட்டுவையுங்கள். சத்தம் குறையக் குறைய அவருக்குப் படபடப்பு ஏறும்.

காலத்திலும் கவனம் வேண்டும். 1948-இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. ஊரடங்கு இருந்த அந்த நாட்களில் உங்கள் ஆள் நடுராத்திரியில் சாவகாசமாகப் பால்மரக் காட்டில் நடந்தால், தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களை, பழிவாங்கும் பேயாக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வீடு திரும்ப ஆசைப்பட்டுச் செத்தவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் கதையில் வந்தால் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டைத் தேடித்தான் வரவேண்டும்.

கடைசிப் பத்தியில் பூசாரி வந்து, யார் எந்த மரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று விளக்குவதை வெட்டிவிடுங்கள். எல்லாம் கனவு என்று முடிப்பதையும்தான். விளக்கம் இல்லாமல் கதை நிற்காது என்று தோன்றினால், அதை நடுவில் அரைகுறையாக வையுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது ஒருவர் ஒன்று சொல்லட்டும், கங்காணி அதை மறுத்து வேறொன்று சொல்லட்டும்.