உடற்கல்வி மன்றம் தொடங்குபவர்கள் முதலில் யாரைத் தேட வேண்டும்?

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்ததும் அணித் தேர்வு நடத்துவோம். கபடிக்கும் கைப்பந்துக்கும் தடகளத்துக்கும் வழக்கமாக வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். மற்ற மாணவர்களுக்கும் மைதானத்துக்கும் உள்ள உறவு விளையாட்டு விழா அன்று நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவதோடு முடிந்துவிடும். "மேடம், உடற்கல்வி, நலவாழ்வு மன்றம் ஒன்று தொடங்கலாமா?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, அந்த மற்றவர்களுக்காகத் தொடங்குங்கள் என்பதுதான். அணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், பயிற்சி நேரம் இருக்கிறது, விளையாட்டு நிதியும் இருக்கிறது. மற்றவர்களைத் தேடிப் போக ஆள் இல்லை. இதை மறந்து தொடங்கிய மன்றங்கள் சில மாதங்களிலேயே இன்னொரு கிரிக்கெட் அணியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு பேர் போதும், தொடங்கிவிடலாம். ஆனால் அந்த ஆறு பேரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது. தமிழ், வணிகவியல், கணிதம், விலங்கியல் என்று பிரிந்திருந்தால் செய்தி ஆறு வகுப்புகளுக்குப் போகும். பாதிப் பேராவது மாணவிகளாக இருக்கட்டும். விடுதியில் தங்குபவர் ஒருவர், முதலாண்டு படிப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். இதுவரை எந்த விளையாட்டிலும் சேராத ஒருவரும் பொறுப்பில் இருக்கட்டும். அவர் இருந்தால்தான் கூச்சப்படுகிற இன்னொருவர் துணிந்து வருவார்.

அனுமதிக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல்வருக்கு எழுதி, உடற்கல்வி இயக்குநர் வழியாகக் கொடுங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி, பொறுப்பாசிரியர் யார் என்பதோடு, வகுப்பு நேரத்தைத் தொட மாட்டோம் என்ற ஒரு வரியையும் சேருங்கள். துறைத்தலைவர்களின் முதல் கவலை அதுதான். நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் ஆகியவை ஏற்கெனவே இருக்கும். அவர்கள் செய்துவரும் ரத்ததான முகாமையும் எய்ட்ஸ் விழிப்புணர்வையும் நீங்களும் கையில் எடுக்காதீர்கள். அவர்கள் முகாமுக்கு ஆள் அனுப்பினால் உங்கள் நிகழ்ச்சிக்கு அவர்கள் வருவார்கள். பட்டப்படிப்பின் பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணிக்கு கிரெடிட் உண்டு. மன்றப் பணியை அதில் சேர்க்க முடியுமா என்று தேர்வு நெறியாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இனி நேரம். பல மன்றங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்று அறிவித்தால் விடுதிப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். எங்கள் கல்லூரியில் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து நகரப் பேருந்தில் வருகிறவர்கள். வகுப்பு 8.45-க்கு, அவர்கள் பேருந்து எட்டு மணிக்கே வந்து நின்றுவிடும். இடைப்பட்ட நேரம் முழுக்க படிக்கட்டுகளில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் மன்றத்துக்கான நேரம். வெயிலும் அப்போது ஏறியிருக்காது. உங்கள் கல்லூரியில் அந்த இடைவெளி எப்போது விழுகிறது என்பதைப் பேருந்து நேரங்களை எழுதிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். வாரத்தில் மூன்று நாள், இருபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துச் சொன்னது. உங்கள் 75 நிமிடம் அதன் குறைந்தபட்ச அளவில் பாதி. மீதியை நடந்தும் மிதிவண்டியிலும் அவர்களே சேர்த்துக்கொள்ளலாம். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் தேவை.

காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை சாப்பிட்டிருக்காது. இதைக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. "சாப்பிட்டாயா?" என்பதே வருகைப்பதிவின் முதல் கேள்வியாக இருக்கட்டும். சாப்பிடாதவர்களுக்கு அன்று மெதுநடையும் கைகால் நீட்டும் பயிற்சியும் மட்டும். விடுதிச் சமையலரிடம் பேசி ஒரு தூக்கு நிறைய சுண்டல் வாங்கி வைக்க முடிந்தால் மன்றத்தின் பணத்தை அதற்கே செலவழியுங்கள். பேனருக்குச் செலவழிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

முதல் நாள் ஓடச் சொல்லாதீர்கள். சுடிதாரும் செருப்புமாக வந்து நிற்கும் பெண்ணிடம் ஓடு என்றால் மறுநாள் அவள் வேறு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் முதல் நாளில் நாடி பிடிக்கத்தான் கற்றுத் தருகிறேன். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பிவிடும். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வரும். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு. பிறகு துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, இரண்டு மாடி ஏறி இறங்கி வரச் சொல்வேன். வந்ததும் ஒருமுறை, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறை எண்ணி மூன்று எண்களையும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தன் உடம்பைப் பற்றித் தானே கண்டுபிடித்த ஓர் எண் கையில் இருக்கும்போது முகத்தில் வருகிற ஆர்வத்தை எந்தச் சொற்பொழிவாலும் வரவழைக்க முடியாது. வாரங்கள் கழித்து அதே மாடிப்படியை ஏறி இறங்கினால், அந்த மூன்றாவது எண் இறங்கியிருப்பதை அவர்களே பார்ப்பார்கள்.

அடுத்தடுத்த நாட்களுக்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்து தண்டால், கயிறு தாண்டுதல், பாண்டி ஆட்டம் என்று நிறைய இருக்கிறது. வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. கற்றுத்தர ஆள் வேண்டுமென்றால் பக்கத்து உடற்கல்வியியல் கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய காலம் முதல் இந்தத் துறையில் ஆசிரியர்களை உருவாக்கிவரும் மாநிலம் நம்முடையது. கற்பித்தல் பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர்கள் அங்கே இருப்பார்கள்.

எடை பார்க்கும் கருவியை மேடையில் வைக்காதீர்கள். எடைக் குறைப்புப் போட்டி நடத்தவே கூடாது. பலர் முன்னிலையில் தன் எடையைக் கேட்டுக் கூனிக் குறுகி நின்ற பிள்ளைகள் பிறகு மன்றத்தின் பக்கமே திரும்புவதில்லை. சிலர் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குகிறார்கள். இந்த வயதில் நம் பெண்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூக்கம் வருகிறது என்றால் சோம்பல் என்று திட்டிவிடுகிறோம். வட்டார மருத்துவ அலுவலருக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. முடிவுச் சீட்டை மடித்து அவரவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். பட்டியலாக ஒட்டக் கூடாது. மாத்திரையை மருத்துவர் தருவார். மன்றம் சொல்லித்தர வேண்டியது, சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும் என்பவை போன்ற அன்றாடச் செய்திகளை. மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யலாமா என்று மாணவிகள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகச் செய்யலாம், வலி இருந்தால் ஓய்வெடுக்கலாம். இதை ஒரு பெண் ஆசிரியரோ செவிலியரோ வெளிப்படையாகச் சொல்லட்டும்.

மயங்கி விழுந்தவருக்கு மூச்சும் இல்லை என்றால் என்ன செய்வது என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்து பழகுங்கள். முதலில் 108-க்கு அழைப்பு. பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் அரசு உதவி எண்ணை விடுதிச் சுவரில் எழுதிவையுங்கள்.

தொடக்க விழாவுக்கு ஆகஸ்ட் 29 பொருத்தமான நாள். ஹாக்கி வீரர் தயான் சந்த் பிறந்த நாளான அது தேசிய விளையாட்டு தினம். கல்லூரி அலுவலகமே ஒரு நிகழ்ச்சியை எதிர்பார்க்கும். ஏப்ரல் 7 உலகச் சுகாதார தினத்தை நம்பாதீர்கள். செய்முறைத் தேர்வும் பருவத் தேர்வும் நெருக்கும் நேரம் அது. சத்துமாவு, புரதப்பொடி, ஊக்கபானம் விற்பவர்கள் விழாச் செலவை ஏற்பதாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடம்பைப் பற்றி மன்றம் சொல்வதை மாணவர்கள் நம்ப வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த அன்றே குறிப்பேட்டில் தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை, செய்த பயிற்சி, செலவு ஆகியவற்றை எழுதி, ரசீதை ஒட்டி, பொறுப்பாசிரியர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது முதல்வர் அதைத்தான் கேட்பார். அடுத்த ஆண்டு அனுமதியும் அதைப் பார்த்துத்தான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர் கையில் மன்றம் இருந்தால் ஜனவரியிலேயே இரண்டாம் ஆண்டிலிருந்து அடுத்த செயலாளரைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் கூடவே நடத்தச் சொல்லுங்கள். குறிப்பேடு, கயிறு வைத்திருக்கும் அலமாரியின் சாவி, செவிலியரின் தொலைபேசி எண் மூன்றும் பருவத் தேர்வுக்கு முன்பே கைமாற வேண்டும். தேர்வு முடிந்துவிட்டால் சாவி வைத்திருப்பவர் எந்த ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.