காசில்லாமல் விறகு சேர்க்க ஏற்ற நேரம்

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய வாரங்கள்தான் காவிரி டெல்டாவில் விறகுக்குச் சரியான காலம். வாய்க்கால் தூர்வாரும்போது கரையில் இருக்கும் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிப் போடுவார்கள். வேலை எடுத்தவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்; புறம்போக்கு மரத்தில் கேட்காமல் கை வைப்பது தப்பு. தோப்புக்காரர்களிடமும் கேட்டு வையுங்கள். மட்டை, பாளை, விழுந்த கிளை எல்லாம் அவர்களுக்கு இடைஞ்சல்தான், அள்ளிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள்.

குட்டியானையை (டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டி) கரைக்குள் இறக்கவே கூடாது. கருவேல முள் டயரைக் குத்திக் கிழித்துவிடும். ரோட்டிலேயே நிறுத்தி, கொடுவாளால் முள் கிளைகளைக் கழித்துவிட்டுக் கட்டையை மட்டும் தூக்கி வாருங்கள். கனத்த செருப்பும் கையுறையும் அவசியம். பச்சைக் கட்டை கனம் அதிகம். வண்டி நிறைய அடுக்காதீர்கள், முக்கால்வாசி போதும்.

கட்டையைப் பச்சையாக இருக்கும்போதே கோடாலியால் பிளந்துவிடுங்கள், காய்ந்தால் இறுகிவிடும். தென்னந்தண்டை மட்டும் விட்டுவிடலாம்: மெஷின் வாளின் பல் மழுங்கும், ஈரமும் எளிதில் காயாது. பிளந்ததைச் செங்கல் மேல் காற்றுப் புக அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே தகரம் போட்டுவிட வேண்டும்.