யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன், ரொறன்ரோ: பறக்கும் நேரத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

இணையத்தில் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் உடனே ஓர் எண் வந்து விழும். அதை நம்பி நேரம் கணக்கிடாதீர்கள். அந்த வழியில் நேரடி விமானமே இல்லை. எந்த விமான நிலையத்தில் ஏறுகிறீர்களோ, அங்கிருந்து அளக்க வேண்டும்.

முதலில் பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) – சென்னை

கை பழகுவதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை. இரண்டும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே அகலக்கோட்டை மட்டும் கழித்தால் போதும். சென்னை 13.0, பலாலி 9.8, வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 355 வரும். இந்த வழியில் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 விசிறி விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். வகுத்தால் 43 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம்.

அடுத்து கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – லண்டன்

இங்கே கழித்தல் உதவாது. கணினியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, கட்டுநாயக்க மீது வலது பொத்தானை அழுத்தி, தூரம் அளக்கும் வசதியைத் தெரிவுசெய்து, ஹீத்ரோவைத் தொடுங்கள். சுமார் 8,700 கிலோமீற்றர் காட்டும். கோடு வடக்கே வளைந்து தெரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம். உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வரும் வளைவு அது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ஏறித்தான் இறங்கும்!

பெரிய ஜெற் விமானத்துக்கு மணிக்கு 850 என்று வைத்து வகுத்து, அரை மணி கூட்டுங்கள்: பத்தே முக்கால். போகும்போது எதிர்காற்று, அதனால் பதினொன்று என்றே வைத்துக்கொள்ளலாம். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் ஊர் திரும்பும் பயணம் சற்றுக் குறையும்.

டிக்கெட்டோடு ஒப்பிடும்போது

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.45க்கு லண்டனில் இறங்குவதாக இருந்தால், பறப்பது ஐந்தே முக்கால் மணி நேரமல்ல. குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி கூட்ட வேண்டும்.

ரொறன்ரோவுக்கு

கட்டுநாயக்கவிலிருந்து நேர்த் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஆனால் இடையில் மாறித்தான் போக வேண்டும். தோகா வழியே போனால் 3,600, பிறகு 10,900. சுற்று வழி என்று பயப்பட வேண்டாம். கூடுவது 500 கிலோமீற்றர்தான். ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாக வகுத்து, இரண்டுக்கும் அரை மணி வீதம் சேர்த்தால் சுமார் 18 மணி வரும். எதிர்காற்றில் இன்னும் சற்றுக் கூடலாம். பயணத்தை இழுப்பது இடைத்தங்கல். மலிவு டிக்கெட் வாங்குமுன் அந்தக் காத்திருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான் வண்டி ஓடும் 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழியையும், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதையும் கூட்டிவிடுங்கள். இரவு விமானமென்றால் காலையிலேயே வான் பேசி வைப்பது நல்லது.