விலங்குப் பண்ணை படிக்கும்போது வழக்கமா சறுக்குத இடங்கள்

பாளையங்கோட்டையில காலேஜுக்கு குறைச்சல் கிடையாது, லிட்ரேச்சர் எடுத்துப் படிக்க பிள்ளைங்களும் ஜாஸ்தி, அதனால ஜார்ஜ் ஆர்வெல்லோட விலங்குப் பண்ணைய (இங்கிலீஷ்ல Animal Farm, பண்ணைக்காரன் ஜோன்ஸ விலங்குங்க துரத்திட்டு தாங்களே பண்ணைய நடத்தப் பாக்க கதை) கையில வச்சிக்கிட்டு "அண்ணாச்சி, நாளைக்கு செமினார், இத ரெண்டு வரில சொல்லுங்க"ன்னு கேட்டு வார தம்பி தங்கச்சிங்க வருசா வருசம் இருக்காவ. ரெண்டு வரில சொல்லலாம்தான். சொன்னா அந்த புக்குல எது முக்கியமோ அது போயிரும். நெப்போலியன்ங்க பன்னி கெட்டவன், அவன் ஆட்சிய பிடிச்சான், எல்லாம் நாசமாப் போச்சு, இவ்வளவுதான் மிஞ்சும். ஆனா அவன் எந்த நிமிசத்துல பிடிச்சான், அப்ப மத்த விலங்குலாம் என்ன செஞ்சிட்டு இருந்துச்சு, அதப் பாக்கணும்னுதான் இத எழுதுதேன்.

மொதல்ல இந்த சார்ட், கதைய ரஷ்யப் புரட்சியோட பொருத்திக் காட்டுதது. நெப்போலியன்னா ஸ்டாலின், அவன் விரட்டிவிட்ட இன்னொரு பன்னி ஸ்னோபால்னா ஸ்டாலின்ட்ட தோத்த தலைவர் ட்ராட்ஸ்கி, ஜோன்ஸ்னா ஜார் மன்னன், நாய்ங்கன்னா ரகசிய போலீஸ், மோசஸ்ங்க அண்டங்காக்கா சர்ச்சு, நெப்போலியனுக்காக பேசுத பன்னி ஸ்க்வீலர் அரசாங்கப் பத்திரிகைன்னு நோட்ஸ்ல கட்டம் போட்டு குடுத்திருப்பாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆர்வெல் அத மனசுல வச்சுத்தான் எழுதுனாரு. ஆனா கட்டம் முழுசா பொருந்தாது. லெனினுக்குன்னு தனியா ஒரு பாத்திரமே கதையில கிடையாது. கிழட்டுப் பன்னி மேஜர் பேசுதது மார்க்ஸ் மாதிரி இருக்கும், செத்த பொறவு அது மண்டையோட்ட தோண்டி எடுத்து கொடிக்கம்பத்தடியில ஒரு மரக்கட்டை மேல வச்சு எல்லாரும் வரிசையா மரியாதை செஞ்சிட்டுப் போகணும்ங்கது மாஸ்கோவுல லெனின் உடம்ப பாதுகாத்து வச்சிருக்கத ஞாபகப்படுத்தும். கட்டத்த மனப்பாடம் பண்ணிட்டா கதையப் படிக்க வேண்டாம்னு தோணிரும், அதுதான் ஆபத்து.

கட்டத்துல வராத ஒரு எடத்த சொல்லுதேன் பாருங்க. ரெண்டாம் அத்தியாயம் கடைசி. ஜோன்ஸ அப்பத்தான் துரத்திருக்கு, மாடுகளுக்கு 24 மணி நேரமா பால் கறக்கல, பன்னிங்களே கறந்து அஞ்சு வாளி நொரைக்க நொரைக்க நிக்குது. இந்தப் பால என்ன செய்யன்னு ஒருத்தர் கேக்க, நெப்போலியன் வாளிக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, பாலை விடுங்க, அறுப்புதான் முக்கியம், எல்லாரும் வயலுக்குப் போங்கங்கான். எல்லாரும் போறாங்க. சாயங்காலம் வந்து பாத்தா பால் இல்ல. அடுத்த அத்தியாயத்துல உதிந்த ஆப்பிளும் பன்னிங்களுக்கேன்னு ஆயிருது. நாய் இல்ல, கொலை இல்ல, மிரட்டல் கூட இல்ல, எல்லாம் இங்கதான் முடிஞ்சு போச்சு. இது என் கண்டுபிடிப்பு இல்ல, ஆர்வெல்லே 1946-ல ஒரு நண்பருக்கு எழுதுன லெட்டர்ல கதையோட திருப்பம் இந்தப் பாலும் ஆப்பிளும்தான், அத 1921 க்ரான்ஸ்டாட்டுக்கு நேரா வச்சேன்னு சொல்லிருக்காரு. க்ரான்ஸ்டாட்ங்கது ரஷ்யாவுல கடற்படைத் தளம், புரட்சிக்கு தோள் குடுத்த மாலுமிங்க அங்க லெனினோட போல்ஷெவிக் கட்சி அரசாங்கத்த எதுத்து எழுந்தாங்க, அரசாங்கம் படைய அனுப்பி நசுக்குச்சு.

இதுல இருந்தே அடுத்த தப்பும் தெரியும், ஸ்னோபால ஹீரோவாக்குதது. ஸ்னோபால் மட்டும் ஜெயிச்சிருந்தா பண்ணை சொர்க்கமாயிருக்கும்னு நிறைய பேர் நம்புதாங்க. ஸ்னோபாலுக்கு தெறம இருக்கு, காத்தாலைக்கு பிளான் போட்டான், ஜோன்ஸ் பண்ணைய திரும்பப் பிடிக்க வந்தப்ப நடந்த மாட்டுக்கொட்டகை சண்டையில முன்னாடி நின்னு குண்டடி பட்டான், எல்லாம் சரி. ஆனா எதுலயும் ஒத்துப் போகாத ஸ்னோபாலும் நெப்போலியனும் பன்னிங்களுக்குத்தான் பாலும் ஆப்பிளும்ங்கதுல மட்டும் ஒத்துப் போனாங்கன்னு கதையிலயே இருக்கு. க்ரான்ஸ்டாட்ட நசுக்கும்போது ராணுவ அமைச்சரா இருந்ததும் ட்ராட்ஸ்கிதான். ரெண்டு தலைவருக்கு நடுவுல நடக்க சண்டையில ஒருத்தன் தோத்துட்டாங்கதுக்காக அவன் நம்ம ஆளுன்னு ஆயிராது.

இனி பிரச்சாரத்துக்கு வருவோம், இங்கதான் ரொம்ப பேர் சறுக்குதாவ. ஸ்க்வீலர் பொய் சொல்லுவான், அதனால விலங்குங்க ஏமாந்துட்டுன்னு ஒரே வரில தாண்டிருதாங்க. அவன் சொல்லுததுல பொய்யவிட வேற வேலைங்க ஜாஸ்தி, ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாத்தான் புரியும். பாலும் ஆப்பிளும் ஏன்னு கேட்டா, எங்களுக்கே இது பிடிக்காது, உங்களுக்காகத்தான் தின்னுதோம், பன்னிக்கு இது தேவைன்னு சயின்ஸே சொல்லுதுங்கான், அதுக்கு மேல யாரும் வாயத் தொறந்தா ஜோன்ஸ் திரும்பி வரணுமான்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு இல்லைங்கத தவிர பதில் கிடையாது, இல்லைன்னு சொன்ன உடனே மொதல்ல கேட்ட கேள்வி செத்துப் போகுது. தீனிய குறைக்கும்போது குறைப்புங்க மாட்டான், சரிக்கட்டுதோம்பான். 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் விளைச்சல் கூடிருக்குன்னு தாள எடுத்து வாசிப்பான், முன்னாடி எவ்வளவு விளைஞ்சதுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லாததால மறுக்க முடியாது, ஆனா கணக்கு குறைஞ்சாலும் பரவால்ல, வயித்துக்கு கூட கிடைச்சா நல்லாருக்கும்னு அதுங்களுக்கு தோணும். எனக்கு அந்தப் புக்குலயே ரொம்ப வலிக்க எடம் அது.

சுவத்துல எழுதுன ஏழு கட்டளைய பன்னிங்க அழிச்சிட்டு புதுசா எழுதுதுன்னும் சொல்லிருதாங்க. அப்படி இல்ல. நம்ம ஊர்ல எலெக்சன் வந்தா பழைய சின்னத்து மேல வெள்ளையடிச்சு புதுச் சின்னம் வரைவாங்கல்லா, அது பாக்க எவனுக்கும் தெரியும். பண்ணையில ராத்திரி ஏணி போட்டு ஏறி இருக்கத அப்படியே விட்டுட்டு ரெண்டு வார்த்தைய மட்டும் சேக்குதாங்க. மெத்தையில தூங்கக் கூடாதுங்கதுல விரிப்போட, குடிக்கக் கூடாதுங்கதுல அளவுக்கு மீறி, கொல்லக் கூடாதுங்கதுல காரணம் இல்லாம. முழுசா மாத்துனா சண்டை வரும். ரெண்டு வார்த்தைய சேத்தா, நமக்குத்தான் மறந்து போச்சோன்னு படிக்கவன் தன்னையே சந்தேகப்படுதான். நீங்க கனவு கண்டிருப்பீங்க, எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களான்னு ஸ்க்வீலர் வேற கேப்பான். கடைசில ஏழும் போயி ஒண்ணே ஒண்ணு நிக்கும், எல்லா விலங்கும் சமம், ஆனா சில விலங்கு மத்ததவிட ஜாஸ்தி சமம்ங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வரி, செமினார்ல எல்லாரும் அத மட்டும் சொல்லிட்டு உக்காந்திருதாவ, அது வந்து சேந்த பாதைய விட்டுருதாவ.

பேச்சுக்கு பக்கத்துலயே நாய் நிக்கும்ங்கதையும் விட்றக் கூடாது. ஸ்க்வீலர் விளக்கம் குடுக்கும்போது கூட வந்த மூணு நாயும் உறுமுது, அதனால மேல கேக்காம ஒத்துக்கிடுதுங்க. ஆடுங்க கால் மணி நேரம் ஒரே கோசத்த போட்டு கத்துது, பேச வேண்டியவன் பேச முடியல. பயம், சத்தம், பேச்சு மூணும் சேந்தாத்தான் பிரச்சாரம், பேச்ச மட்டும் தனியா எடுத்து ஆராய்ச்சி பண்ணுனா பாதிதான் கிடைக்கும்.

ஆர்வெல்லுக்கு இதெல்லாம் எங்கேருந்து தெரியும்னா, 1937-ல ஸ்பெயின்ல ஃபாசிஸ்டுகள எதுத்து சண்டை போட்டு கழுத்துல குண்டு வாங்குனவரு, அவரு சேந்திருந்த படையையே ஃபாசிஸ்ட் உளவாளின்னு அதே பக்கத்து ஆளுங்க பத்திரிகையில எழுதி வேட்டையாடுனாங்க. ஸ்னோபால் மொதல்ல இருந்தே ஜோன்ஸோட ஆளுதான்னு கதை மாறுததப் படிக்கும்போது அத மனசுல வச்சுக்கோங்க. பொறவு 1941-ல இருந்து 1943 வரைக்கும் பிபிசில இந்தியாவுக்கான ஒலிபரப்புல வேலை பாத்தாரு, அத விட்ட கையோட இத எழுத ஆரம்பிச்சாரு. பிரச்சாரத்த ரெண்டு பக்கமும் நின்னு பாத்த மனுசன்.

விலங்குங்க முட்டாள், அதான் ஏமாந்துச்சுன்னு சொல்லுதது இருக்கே, அதக் கேட்டா எனக்கு கோவமே வரும். கோழிங்க முட்டைய விக்க விடமாட்டோம்னு உத்தரத்துல ஏறி அங்கேருந்தே முட்டைய போட்டு உடைச்சுது, தீனிய நிறுத்தி அஞ்சு நாள் பட்டினி போட்டுத்தான் அடக்குனாங்க, ஒம்பது கோழி செத்துச்சு, நோயில செத்துச்சுன்னு வெளிய சொன்னாங்க. பாக்ஸர் குதிரை ஸ்னோபால் துரோகின்னு நான் நம்பலன்னு நேராவே சொல்லுச்சு, நெப்போலியன் தீர்மானமா சொல்லிட்டாருன்ன உடனே அப்ப சரியாத்தான் இருக்கும்னு அடங்கிருச்சு. கொஞ்ச நாள்ல மூணு நாய் அது மேல பாயுது, பாக்ஸர் ஒரு நாய கால் குளம்புல அமுக்கி தரையோட பிடிச்சிருக்கு, நசுக்கிரட்டா விட்றட்டான்னு நெப்போலியன் மூஞ்சியப் பாக்கு. பலம் பூரா பாக்ஸர்ட்ட, உத்தரவு மட்டும் அவன்ட்ட. உடம்பு முடியாமப் போன பாக்ஸர கடைசில அடிமாட்டு வண்டியில ஏத்தி அனுப்புதத மட்டும் பேசி அழுதுட்டு இந்த எடத்த தாண்டிப் போறவங்கதான் ஜாஸ்தி, நின்னு படிங்க.

அதே மாதிரி பெஞ்சமின் கழுதைய ஞானின்னு கொண்டாடாதீங்க. பன்னிங்களுக்கு சமமா வாசிக்கத் தெரிஞ்ச கழுதை, சுவத்துல என்ன மாறுதுன்னு தெரிஞ்சும் வாசிச்சுக் காட்டல. வண்டியில அடிமாட்டுக்காரன் பேரு எழுதிருக்கத அது கத்தி வாசிச்சப்போ வண்டி கிளம்பிட்டு.

புரட்சியே தப்பு, எழுந்து நின்னா இப்படித்தான் முடியும்னு கதை சொல்லுதுன்னு சில பேர் முடிப்பாங்க. ஆர்வெல் சாகுத வரைக்கும் தன்ன ஜனநாயக சோசலிஸ்ட்டுன்னுதான் சொன்னாரு. ஜோன்ஸ் காலம் நல்லாருந்துச்சுன்னு கதையில ஒரு வரி கிடையாது, மொத வருச அறுப்பு ஜோன்ஸ் காலத்தவிட ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சுது, ஞாயித்துக்கிழமை வேலை இல்ல. நம்ம பக்கத்துலயே 1908-ல தூத்துக்குடி கோரல் மில்லுத் தொழிலாளிங்க வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பின்னால நின்னு ஸ்ட்ரைக் பண்ணி கூலி ஒசத்தியும் ஞாயித்துக்கிழமை லீவும் வாங்கிருக்காங்க, அப்ப தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாதான். வாங்க முடியும். வாங்குனத எப்படி விடுதோம்ங்கதுதான் ஆர்வெல் காட்டுதது, பண்ணையில அந்த ஞாயித்துக்கிழமை எப்படி போச்சுன்னு ஆறாம் அத்தியாயத்துல பாருங்க, வேலைக்கு வரது உங்க இஷ்டம், வரலன்னா தீனி பாதின்னு ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான்.

கட்சிக்காரங்க இந்தப் புக்கப் பத்தி கூடிப் பேசும்போது இன்னொரு தப்பு நடக்கும், எதிர்க்கட்சித் தலைவர்தான் நெப்போலியன்னு எல்லாரும் சட்டுன்னு பொருத்திருவாங்க. அத விட்டுட்டு அவங்கவங்க கட்சில கேக்காம விட்ட கேள்வி எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. ரொம்ப நேரம் யாரும் பேச மாட்டாங்க, பொறவு பேச்சு நல்லா ஓடும்.

படத்தப் பாத்துட்டு புக்கப் பத்தி எழுதாதீங்க. 1954-ல வந்த கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ மறைமுகமா காசு குடுத்துச்சு, அதுல கடைசில விலங்குங்க திரும்ப எழுந்து பன்னிங்கள விரட்டுது. புக்குல அப்படி இல்ல. அதே மாதிரி, பன்னியும் மனுசனும் ஒண்ணாயி நட்பாயிட்டாங்கன்னு முடிக்கதும் அரைகுறைதான். மூஞ்சி வித்தியாசம் தெரியலங்கது உண்மை, ஆனா உள்ள சீட்டாட்டத்துல நெப்போலியனும் பக்கத்துப் பண்ணைக்கார மனுசன் பில்கிங்டனும் ஒரே நேரத்துல ஸ்பேட் ஏஸ் எறக்கி சண்டை பிடிச்சிட்டு இருக்காங்க. ஸ்டாலினும் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் 1943 கடைசில டெஹ்ரான்ல கூடிப் பேசுன கொஞ்ச நாள்ல எழுதுன முடிவு அது, இந்த உறவு நிலைக்கும்னு தான் நினைக்கலன்னு ஆர்வெல் 1947-ல உக்ரைன் மொழிப் பதிப்புக்கு எழுதுன முன்னுரையில சொன்னாரு. அதுக்குள்ள பனிப்போர் ஆரம்பிச்சிருந்துச்சு.