மரம் இல்லாத இடத்தில் ஹமொக்: இரண்டு முக்காலியும் ஒரு நீளப் பைப்பும்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஹமொக் (இரு முனையும் கட்டித் தொங்கவிடுகிற துணிப் படுக்கை) கட்ட இடம் தேடியவர்களுக்குத் தெரியும், நல்ல காற்று வருகிற இடத்தில் மரம் இருக்காது, மரம் இருந்தாலும் அது தென்னையாக இருந்து தலைக்கு நேரே குலை தொங்கும். தென்னைக்குக் கீழே படுக்கவே படுக்காதீர்கள். வாடகை வீடென்றால் சுவரில் கொளுக்கி அடிக்கவும் விடமாட்டார்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வழி இருக்கிறது: மூன்று கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டிய முக்காலி இரண்டு, அவற்றுக்கு மேலே குறுக்கே ஒரு நீளப் பைப். குழி தோண்ட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம், கழற்றினால் ஓட்டோவில் கொண்டுபோகலாம்.

செய்ய இறங்குமுன் பாரம் எங்கே போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். பலர் கால்களுக்குத் தடித்த கம்பு தேடிவிட்டு, மேலே போடுகிற பைப்பை மலிவாக எடுக்கிறார்கள். அது தலைகீழ். 75 கிலோ ஆள் ஒருவர் படுத்தால் ஒவ்வொரு முக்காலிக்கும் கீழ்நோக்கி வருவது 37 கிலோ சொச்சம்தான், அதையும் மூன்று கால்கள் பிரித்துக்கொள்ளும். ஆனால் தொங்கு கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சரிவில் இருக்கும்போது அந்தக் கயிற்றில் மட்டும் முழு 75 கிலோ இழுவை இருக்கும், இரண்டு முனைகளையும் உள்நோக்கி நெருக்குகிற விசை 65 கிலோ வரும். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி 15 பாகையாக்கினால் இழுவை 145 கிலோவுக்கு ஏறிவிடும். இந்த நெருக்கத்தைத் தாங்குவது மேலே கிடக்கிற பைப் ஒன்றுதான். ஆகவே காசைப் பைப்பில் போடுங்கள், கயிற்றைத் தொய்வாக விடுங்கள்.

பைப்புக்கு ஒன்றேகால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) எடுங்கள். 20 அடி நீளத்தில் வரும், அதில் நான்கு அடித் துண்டுகள் மூன்றை ஹார்ட்வெயார் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம். மூன்றையும் ஒரே 12 அடிப் பைப்பாகப் பொருத்துவதற்கு, மேலால் ஏறக்கூடிய அளவான வேறொரு பைப்பில் ஓரடித் துண்டு இரண்டு வேண்டும். அளவைச் சொல்லிக் கேட்பதைவிட, வெட்டிய துண்டையே கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சுவர்த் தடிப்பு கொஞ்சம் மாறினாலும் ஒன்று ஏறாது, அல்லது ஆடும். ஏறுகிற துண்டின் ஒரு பாதியை வெல்டிங் கடையில் பிடித்துவிடச் சொல்லுங்கள், மறுபாதி கழற்றிப் பூட்ட இருக்கட்டும். வெட்டிய வாயிலும் வெல்டிங் செய்த இடத்திலும் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். எங்கள் உப்புக் காற்றுக்கு அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும், எனவே துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு தடவை அடியுங்கள். 12 அடிப் பைப்பின் இரு முனையிலிருந்தும் ஓரடி உள்ளே துளைபோட்டு ஒரு போல்ட் பூட்டிவிடுங்கள். ஹமொக் கயிற்றின் கண்ணியை அந்த போல்டுக்கு வெளிப்பக்கமாக மாட்டினால் அது உள்ளே வழுகாது.

கால்களுக்கு ஆறடி நீளத்தில் ஆறு கம்புகள், சவுக்கோ முற்றிய மூங்கிலோ போதும். வெடிப்பு, பூச்சி அரித்த துளை இருந்தால் வேண்டாம். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, தலையிலிருந்து அரை அடி கீழே ஒரு கம்பில் கயிற்றை முடிச்சிட்டு, மேலும் கீழுமாக மூன்றுக்கும் இடையே பின்னிப் பின்னி ஆறேழு சுற்று போடுங்கள். அப்புறம் கம்புகளுக்கு இடையில் இருக்கிற இரண்டு இடைவெளிகளிலும் குறுக்கே இரண்டு சுற்று இறுக்கி முடியுங்கள். முதலில் மிக இறுக்கிவிட்டால் கால்களை விரிக்க முடியாது, மிகத் தளர்ந்தால் தலை குலுங்கும். விரிக்கும்போது கட்டு முறுகி இறுகுவது கையில் தெரிய வேண்டும், அதுதான் சரியான கட்டு.

கால்களுக்கு இடையே ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக விரித்தால் கட்டு தரையிலிருந்து சுமார் நாலேமுக்கால் அடியில் நிற்கும். ஒவ்வொரு முக்காலியிலும் இரண்டு கால்கள் பக்கவாட்டுக்குப் போகட்டும், மூன்றாவது ஹமொக்குக்கு எதிர்ப்புறமாக வெளியே நீளட்டும். ஆட்டம் பக்கவாட்டில்தான் வரும், அதைப் பிடிப்பது அந்த இரண்டு கால்களும்தான். கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முனைகளின் கவட்டில் பைப்பை வைத்து நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். கடைசியாக, தரையிலிருந்து ஓரடி மேலே மூன்று கால்களையும் முக்கோணமாக ஒரு கயிற்றால் இணைக்க வேண்டும். சீமெந்துத் தரையில் இந்தக் கயிறு இல்லாவிட்டால் கால்கள் வழுகி விரிந்துவிடும். மணலில் கால் புதையாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சாண் அகலப் பலகைத் துண்டு வையுங்கள்.

பத்தடி ஹமொக் என்றால் அதன் இரு முனைகளுக்கும் இடையே எட்டடி நான்கு அங்குலமளவு இருந்தால் தொய்வு சரியாக இருக்கும். கயிற்றைக் கூட்டிக் குறைத்து, நீங்கள் உட்கார்ந்த பிறகு தரைக்கு மேலே ஒன்றரை அடி நிற்கும்படி வையுங்கள். நைலோன் கயிறு பாரத்துக்கு நீளும், விடியும்போது முதுகு தரையைத் தொடும், தொங்கு கயிற்றுக்கு பொலியெஸ்டர் நல்லது. ஆள் ஏறுமுன் இரண்டு 50 கிலோ அரிசி மூட்டைகளைப் போட்டு ஒரு மணித்தியாலம் விட்டு, கட்டு வழுகியிருக்கிறதா, பைப் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் இதில் வீசி ஆடக் கூடாது, இது ஊஞ்சல் அல்ல. படுக்கும்போது நேராகப் படுக்காமல் கொஞ்சம் மூலைவாட்டில் படுத்தால் முதுகு தட்டையாகக் கிடக்கும்.

மேலே பைப் இருப்பதால் நுளம்பு வலையை அப்படியே அதன்மேல் போட்டு இறக்கலாம், டெங்கு இருக்கிற ஊரில் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். தறப்பாளும் போடலாம், ஆனால் கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அது தாங்கியோடு சேர்த்துப் புரட்டிவிடும், நான்கு முளை அடித்துக் கட்டாமல் போட வேண்டாம். படுவான்கரைப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ வட்டையில் (வயல்வெளியில்) காவலுக்கு இதைக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: யானை வருகிற இடத்தில் தரைமட்டத்தில் படுப்பதற்கு இது உயரத்தில் கட்டுகிற பரணுக்குப் பதிலாகாது, அங்கே பகலில் மட்டும் பாவியுங்கள்.